வெண்சங்கு மேடையில் ஒரு நாற்காலி

அன்புள்ள கதிர்,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்கய்யா, ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி வந்து சேர்ற மாதிரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாய். சிரித்துக்கொண்டு வைத்தாயா, கோபத்தோடு வைத்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வரப்போவதை வரிசை போட்டுக்கொண்டால்தான் கை ஓடும். ஆகவே முதலில் வரிசை:

1. வெண்சங்கு இன்னிசைக் குழுவில் நான் செய்த வேலை.
2. முப்பத்தெட்டு வருடமாக ஜனங்கள் அந்தக் குழுவை ஏன் விடாமல் கூப்பிடுகிறார்கள்.
3. மேடையில் நான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஆகவே உன் கல்யாணத்தில் நான் அங்கே உட்கார வேண்டியதில்லை.
4. சவரிமுத்து விஷயத்தில் நான் நடந்துகொண்ட விதம்.
5. குடும்பம் நடத்துவது பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சம்.

நீ கேட்டது இதுதான். கல்யாண வரவேற்புக்கு வெண்சங்குதான் வாசிக்க வேண்டும். நான் என் பழைய இடத்தில், மேடையில், இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பாட்டே வேண்டாம். கடைசியாக ஒன்று சொன்னாய்: "சவரி மாமாவ மீன்காரர்னு சொன்ன வீட்டுல நான் எப்படிய்யா மாலை போட்டு நிக்கிறது?" நான்காவதாக அதை வைத்திருப்பது தள்ளிப்போடத்தான் என்று நீ நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறாய்.

முதலாவது, என் வேலை. உன் சிநேகிதர்கள் கேட்டால் அப்பா ஆர்கெஸ்ட்ராவில் இருந்தார் என்று நீ பெருமையாகச் சொல்வாய். அவர்கள் உடனே என்ன வாசித்தார் என்று கேட்பார்கள். நீ முழிப்பாய். நான் எதையும் வாசிக்கவில்லை, பாடவில்லை, மைக்கில் பேசவும் இல்லை. சீட்டு அடுக்கினேன். பாம்பன் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடற்கரைத் தெருவில் ஒரு கல்யாணம். சவரிமுத்து அப்போது காலையில் வள்ளத்தில் போய்வந்து, மாலையில் மாதா கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். நாலு பேரைச் சேர்த்து வெண்சங்கு என்று பெயர் வைத்து முதன்முதலாக மேடை ஏறியிருந்தார். கூட்டத்திலிருந்து விருப்பப் பாட்டு கேட்டுத் துண்டுச் சீட்டுகள் மேடைக்குப் போயின. அவர் கையில் கிடைத்ததை எடுத்துப் படித்துப் பாடினார். மேலத்தெருப் பாட்டு மூன்று வரிசையாக வந்துவிட்டது. கீழத்தெருக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "எங்க சீட்டென்ன வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவவா குடுத்தோம்?" என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். முன்வரிசையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்த என்னைச் சவரிமுத்து பார்த்தார். "சார், நீங்க படிச்சவரு, பொதுவான ஆளு. இத ஒரு வரிசை பண்ணித் தாங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அத்தனை பேர் முன்னால் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஏறினேன். அவ்வளவுதான் என் கலைவாழ்க்கையின் தொடக்கம்.

மேடையின் இடது ஓரத்தில், கீபோர்டுக்குப் பின்னால், ஒரு நாற்காலி. மடியில் பரீட்சை அட்டை. சீட்டுகளைப் பிரிப்பேன். ஒரே ஊரின் இரண்டு சீட்டு அடுத்தடுத்து வரக் கூடாது. இரண்டு குத்துப்பாட்டுக்குப் பிறகு ஒரு மெதுவான பாட்டு. பாடுகிறவருக்கு மூச்சு வேண்டும், ஆடுகிறவருக்கும் வேண்டும். கையெழுத்து நடுங்கியிருந்தால் வயதானவர் எழுதியது, அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார், அதை மேலே வை. பெயரும் ஊரும் இல்லாத சீட்டைப் படிப்பதில்லை. இன்னொரு விதியும் இருந்தது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வம்பு வளர்க்கும் சீட்டு, கல்யாண வீட்டில் கேட்கக் கூடாத சோகப் பாட்டு, இவையெல்லாம் என் சட்டைப்பைக்குள் போகும். மறுநாள் அவற்றைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அந்தச் சட்டைப்பையால்தான் எங்கள் கச்சேரிகளில் அடிதடி வந்ததில்லை என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு உன் அம்மா வைத்த குட்டு ஒன்று உண்டு. உனக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தாள்: "ஒரு தடவ நானும் கச்சேரி பாக்க வாரேங்க." நான் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். தூரம், வெயில், வேனில் இடமில்லை. உண்மைக் காரணம், மேடை ஓரத்தில் அட்டையோடு உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்துவிட்டால் இதுதானா இவர் வேலை என்று நினைத்துவிடுவாளோ என்கிற பயம். உனக்கு மூன்று வயது இருக்கும்போது, பாம்பன் மாதா கோயில் திருவிழாவுக்கு என்னிடம் சொல்லாமலே வந்துவிட்டாள். பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஒரு சீட்டும் எழுதி அனுப்பினாள். பாக்கியம், தங்கச்சிமடம் என்று வேறு பெயரும் ஊரும் போட்டு. கேட்டது ஒரு சோகப் பாட்டு. சட்டைப்பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலையில் துவைக்கிற கல்லிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, இந்தப் பாக்கியம் கேட்ட பாட்டு என்னாச்சு?"

"அது அழுகைப் பாட்டு. திருவிழாவுல எப்படிப் பாடுறது?"

"பாக்கியத்துக்கு அது அழுகைப் பாட்டான்னு நீங்க கேட்டீங்களா?"

"பாக்கியம் யாருன்னு எனக்கென்ன தெரியும்?"

"இந்தா, ஒங்க சட்டையக் கும்மிக்கிட்டு நிக்கிறாள்ல, இவதான்."

அவளுடைய அய்யா கமுதிச் சந்தைக்கு வண்டியில் மிளகாய் வற்றல் மூடை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தப் பாட்டைத்தான் முனகுவாராம். மூடைகளுக்கு நடுவில் இவள் உட்கார்ந்திருப்பாளாம். அவளுக்கு அது சந்தைக்குப் போகிற பாட்டு. கதிர், எனக்கு அன்று உறைத்தது பாட்டு இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோருடைய கையெழுத்தும் எனக்குத் தெரியும். பெயர் போடாத பரீட்சைத் தாளைத் தூக்கிக் காட்டினால் யாருடையது என்று சொல்லிவிடுவேன். அந்தச் சீட்டை அவளே தன் கையால்தான் எழுதியிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் எழுதியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இரண்டாவது, ஏன் விடாமல் கூப்பிடுகிறார்கள். இதை நான் எங்கும் படித்துச் சொல்லவில்லை; ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன், பிழையாகவும் இருக்கலாம். இப்போது டிஜே வந்துவிட்டார்கள். அவர்கள் பெட்டிக்குள் இல்லாத பாட்டே இல்லை. சத்தமும் அதிகம், வெளிச்சமும் அதிகம். இருந்தும் வைகாசி, ஆவணியில் வெண்சங்குக்கு ஒரு முகூர்த்த நாளும் காலி இருப்பதில்லை. இத்தனைக்கும் எங்களில் யாரும் பெரிய வித்வான் இல்லை. ரபீக்கின் பேஸ் கிட்டார் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். தபேலா ராமு இரண்டு ஜோடி வைத்திருப்பார், ஒன்று பாம்பன் ஜோடி, இன்னொன்று கமுதி ஜோடி. கடல் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், கமுதி வெயிலில் இழுத்துக்கொள்ளும். ஜோடியை மாற்றி எடுத்து வந்த அன்றைக்குக் கச்சேரி முழுக்க ஒரு பானையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். கூட்டம் அதற்கும் ஆடும்.

நான் யோசித்துக் கண்டது இரண்டு காரணம். ஒன்று, சவரிமுத்துவின் குரல் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஐந்து கட்டையில் பாடிய பாட்டை இப்போது மூன்றில் பாடுகிறார். வேகத்தையும் குறைத்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அந்தப் பாட்டுக்குக் குதித்த மாப்பிள்ளைத் தோழர்களுக்கு இப்போது முட்டி வலி. அவர்களுக்குத் தகுந்தபடி பாட்டும் வயதாகிறது. பெட்டிக்குள் இருக்கிற பாட்டுக்கு அது முடியாது.

மற்றொன்று, பெயர். பாடுவதற்கு முன் சவரிமுத்து சீட்டை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படிப்பார். "சிக்கலிலிருந்து வந்திருக்கும் முருகேசன் மகள் செல்வி, தன் தங்கச்சி வீட்டுக்காரருக்காகக் கேட்கும் பாடல்." செல்வி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குனிந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவர்கள் இடுப்பில் இடிப்பார்கள். நம் ஜனங்களின் பெயரும் ஊரும் சேர்ந்து ஒலிபெருக்கியில் எத்தனை முறை வருகிறது சொல்? எங்காவது வரிசையில் நிற்கும்போது அதட்டிக் கூப்பிடுவார்கள். சந்தோஷமாகக் கூப்பிடுவது வெண்சங்கு மேடையில்தான். அன்று செல்விக்காகப் படித்த அதே வாய், இன்று செல்வியின் மகள் வளைகாப்பில் அவள் பெயரைப் படிக்கிறது. பாட்டுக்கு வருகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பெயருக்கு வருகிறார்கள்.

மூன்றாவதற்கு இது நேராகக் கொண்டுபோகிறது. கூட்டத்துக்கு வேண்டியது பாட்டும் பெயரும். பாடுவது சவரிமுத்து, படிப்பது சவரிமுத்து. கீபோர்டு மறைவில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவனை யார் பார்த்தார்கள்? முப்பத்தெட்டு வருடத்தில் என் பெயர் அந்த மைக்கில் ஒருமுறைகூட வந்ததில்லை, நானும் கேட்டதில்லை. இந்த இரண்டு மாதமாக முட்டி வலி என்று சொல்லி நான் போகவில்லை. கச்சேரிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே நீ வெண்சங்கைக் கூப்பிட்டுக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என்னை மட்டும் சம்பந்திகள் வரிசையில், வேட்டி சட்டையோடு, ஓய்வுபெற்ற ஆசிரியராக உட்கார விடு. ஈரோட்டுப் பெண் வீட்டார் முன்னால் நான் மேடை ஓரத்தில் சீட்டு பிரித்துக்கொண்டிருந்தால் உனக்குத்தான் இளப்பம்.

இதுவரை போன திங்கட்கிழமை எழுதினேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்துபோய்விட்டது. இனி எழுதுவது அதற்குப் பிறகு.

நான்காவது. நித்யாவின் அப்பாவும் அம்மாவும் ஈரோட்டிலிருந்து முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்று, பாத்திரக் கடைச் சாமான் மாதிரி எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைத்தேன். என்னைத் துடைத்துக்கொண்டதுதான் அதிகம். சுவரில் இருந்த வெண்சங்குப் படத்தை நித்யாவின் அப்பா நின்று பார்த்தார். "இது என்னங்க சம்பந்தி?" என்றார். "பள்ளிக்கூட ஆண்டுவிழா" என்றேன். நீ தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாய். அந்த நேரம் பார்த்துச் சவரிமுத்து வாசலில் வந்து நிற்கிறார், லுங்கியும் கையில் ஓலைப்பெட்டியுமாக. வீட்டுக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பாம்பனிலிருந்து பஸ் ஏறி, முதல் தரமான சீலா மீன் கொண்டு வந்திருக்கிறார். "இவருங்க?" என்று கேட்டார் நித்யாவின் அப்பா. என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "மீன் கொண்டு வருவார்."

சவரிமுத்து ஓலைப்பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு மேடையில் கரண்டு போனால் சமாளிப்பாரே, அந்தக் குரலில் சொன்னார்: "ஆமாங்கய்யா. சாருக்கு வாடிக்கையா மீனு போடுறது நாந்தான். இன்னைக்குச் சீலா. முள்ளு இருக்காது, பயப்படாமச் சாப்பிடுங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனார். காப்பி குடிக்கவில்லை. அன்று எல்லோரும் அந்த மீனைப் பாராட்டிச் சாப்பிட்டார்கள். நீ சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். அவர்கள் போன பிறகு உன் அம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "முப்பத்தெட்டு வருசத்துல அந்த மனுசன் இந்த வீட்டுக் கொல்லைப்பக்கமாப் போயி நான் பாத்ததில்ல." அதற்குப் பிறகு அவள் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதமாக இந்த வீட்டில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும்தான். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர்கள் படித்தவர்கள், வசதியானவர்கள்; நம்மை மட்டமாக நினைத்து உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். இது காரணம். காரணம் சொன்னதால் தப்பு சிறியதாகிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமுதியில் என் பழைய மாணவன் ஒருவனின் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. வெண்சங்கு வாசிக்கிறது என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தது. போகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பய நேருல வந்து பத்திரிகை வச்சிட்டுப் போயிருக்கான். வாங்க, நானும் வாரேன்" என்று உன் அம்மா கிளம்பிவிட்டாள். பகல் பன்னிரண்டு மணி. மண்டபத்துக்குப் பக்கத்துக் களத்தில் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் மண்டபமே இருமியது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன், உன் அம்மா எனக்கு முன்வரிசையில்.

மேடையில் சவரிமுத்து சீட்டுகளை வந்த வரிசைப்படியே படித்தார். மூன்று குத்துப்பாட்டு அடுத்தடுத்து. மூன்றாவதில் அவருக்கு மூச்சு வாங்கியது. வற்றல் நெடி வேறு. பாட்டின் நடுவில் ஒரு தும்மல். கூட்டம் சிரித்தது. "அண்ணே, அந்தத் தும்மலையும் சுருதியில போடுங்க!" என்று ஒருவன் கத்தினான். அவரும் சிரித்தார். தண்ணீர் குடிக்கும்போது இடது பக்கம், கீபோர்டுக்குப் பின்னால், கையை நீட்டினார். அடுத்த சீட்டை வாங்க முப்பத்தெட்டு வருடமாக நீட்டுகிற கை. அங்கே யாரும் இல்லை. கையை மடக்கிக்கொண்டு தன் சட்டைப்பையிலிருந்து அடுத்ததை எடுத்தார். அவர் கை நீட்டியது அவருக்கே தெரிந்திருக்காது.

உன் அம்மாவிடம் பேப்பர் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பத்திரிகை உறையைக் கிழித்துக் கொடுத்தாள். பாக்கியம் கேட்ட பாட்டை எழுதினேன். காதுகுத்து வீட்டில் அழுகைப் பாட்டு. என் விதிப்படி சட்டைப்பைக்குப் போக வேண்டிய சீட்டு. கீழே பெயர் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. வேறு பெயர் போடலாமா என்று நினைத்தேன். உன்னிடம் மறைப்பானேன். கடைசியில் என் பெயரை எழுதி, நம் ஊர் சிக்கல் என்றும் எழுதி, முன்வரிசைக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய உடனே திரும்ப வாங்கிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அது கை மாறி கை மாறி மேடைக்குப் போய்விட்டது.

சவரிமுத்து பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார். "இந்தச் சீட்டு ஒரு வாத்தியார் எழுதுனது. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. முப்பத்தெட்டு வருசமா ஊருல உள்ள எல்லாரு சீட்டையும் படிச்சவரு, இன்னைக்குத்தான் மொதச் சீட்டு எழுதிருக்காரு." என் பெயரைச் சொன்னார். சிக்கல் என்று ஊரையும் சொன்னார். நிதானமாக, மற்றவர்களுக்குச் சொல்வது போலவே. "எங்கன இருந்தாலும் மேடைக்கு வரவும். மீன்காரன் கூப்பிடுறேன்."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சிரிக்க அது போதும். "ஏ மீன்காரரே, சீலா இருக்கா?" என்று பந்திப் பக்கமிருந்து ஒரு குரல். "சீலா ஒரு வீட்டோட தீந்துபோச்சுப்பா, இப்பப் பாட்டு மட்டுந்தான்" என்றார் சவரிமுத்து. உன் அம்மா தூணைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள். நான் எழுந்தேன். பழைய மாணவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். "சீட்டு வாத்தியாரு வாராரு, சீட்டு வாத்தியாரு" என்று குரல்கள். எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. அறுபத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.

மேடை ஓரத்தில் என் நாற்காலியை எனக்காக யாரும் காலியாக வைத்திருக்கவில்லை. அதன்மேல் வயர்ச் சுருளும் ராமுவின் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. சவரிமுத்து அவற்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்த சீட்டுகளை மொத்தமாக என் கையில் திணித்தார். "அடுக்குங்க சார். நீங்க இல்லாம ரெண்டு மாசமா நாய் மாதிரி எரைக்குது" என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். பிறகு அந்தப் பாட்டைப் பாடினார், மூன்று கட்டையில், மெதுவாக. காதுகுத்து வீட்டில் யாரும் அழவில்லை. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்று கேட்டார். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் மூடைகளுக்கு நடுவில் போயிருப்பாள்.

சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "சவரி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சார், மீன்காரன்னு சொன்னதுல என்ன பொய் இருக்கு? எங்கப்பன் மீன்காரன், நானும் கடலுக்குப் போனவன்தான். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. நீங்க வெக்கப்பட்டுச் சொன்னீங்க பாத்தீங்களா, அதுதான் பஸ்ஸுல போகையில ஒரு மாதிரி இருந்துச்சு." தப்புதான் என்றேன். "தப்புதான்" என்று அவரும் சொன்னார். அதை இல்லை என்று சொல்லாமல் ஒத்துக்கொண்டதால்தான் எனக்கு அந்தச் சோறு இறங்கியது. பிறகு, "ரசத்த ஊத்தச் சொல்லுங்க, தொண்டைக்கு ஆகும்" என்றார்.

ஐந்தாவதாகக் குடும்பம் நடத்துவது பற்றிப் பெரிதாக எழுதத் திட்டமிட்டிருந்தேன். குறிப்புகள்கூட எடுத்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அவற்றில் பாதி எனக்கே ஒத்து வராதவை. இரண்டு மட்டும் சொல்கிறேன். நித்யாவின் கையெழுத்தைத் தெரிந்துகொள். இந்தக் காலத்தில் யாரும் கையால் எழுதுவதில்லை என்பாய். கடைக்குப் போகும் சாமான் பட்டியலையாவது எழுதச் சொல்லிப் பார். அவள் எதையாவது வேறு பெயரில் கேட்டாலும் அது அவள்தான் என்று உனக்குத் தெரிய வேண்டும். அடுத்தது, அவள் கேட்பது உனக்குப் பொருத்தமில்லாமல் பட்டால் பேசாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளாதே. முடியாது என்றால் முடியாது என்று வாய்விட்டுச் சொல். சண்டை வராமல் இருக்க நான் எத்தனையோ சீட்டுகளை மறைத்தேன், மேடையிலும் வீட்டிலும். மேடையில் அது நல்லதாகப் போயிருக்கலாம். வீட்டில் துவைக்கும்போது எல்லாம் வெளியே வந்துவிடுகிறது.

இன்று காலை, எழுதுவதை நிறுத்திவிட்டு, நித்யாவின் அப்பாவுக்குப் போன் போட்டேன். என்ன பேச வேண்டும் என்பதை முன்னதாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், நீ சிரிப்பாய். "சம்பந்தி, எங்க வீட்டுச் சுவத்துல பாத்தீங்களே ஒரு படம், அது ஆண்டுவிழா இல்லைங்க. அது ஒரு பாட்டுக் குழு. அதுல ஓரத்துல உக்காந்திருக்கிறது..." என்று தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிட்டார்.

"நீங்கதானுங்க. நடுவுல மைக்கப் புடிச்சிட்டு நிக்கறது உங்க மீன்காரரு. அன்னிக்கே பாத்துட்டேனுங்க. கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் உட்டுட்டேன்."

எனக்குத் தாளில் அதற்குப் பிறகு எழுதியிருந்தது எதுவும் பொருந்தவில்லை. அவரே பேசினார். "எனக்கு ஒரு பாட்டு வேணுமுங்க. எங்க ஊட்டம்மா பேரையும் சேத்துப் படிக்கச் சொல்லோணும். முடியுமுங்களா?" பெயரும் ஊரும் சொல்லுங்கள் என்றேன், பழக்கதோஷத்தில். சத்தமாகச் சிரித்துவிட்டுச் சொன்னார். எழுதிக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு முதல் சீட்டு வந்துவிட்டது, தம்பி. அது மெதுவான பாட்டு. இரண்டு குத்துப்பாட்டுக்குப் பிறகு வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். நித்யா படிக்கட்டும், அவள் வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். சவரி மாமாவுக்கு, நேற்று வரை எழுதியதை நேற்றே படித்துக் காட்டிவிட்டேன். மீன் இடத்தில் தலையை ஆட்டினார், தும்மல் இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. உன் அம்மா இன்று சங்கரா மீன் வாங்கியிருக்கிறாள்.

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது உனக்கு நினைவிருக்கும். தப்பான வழிமுறையை ரப்பரால் அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடி, எங்கே பிசகினாய் என்பது உனக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பேன். அதனால்தான் முதல் பக்கத்து வரிசையைப் புதிதாக எழுதாமல் அப்படியே விட்டு, ஒரு வரியின்மேல் மட்டும் கோடு போட்டிருக்கிறேன். மேடையின் இடது ஓரத்தில், கீபோர்டுக்குப் பின்னால், ஒரு நாற்காலி போடச் சொல். கை வைத்ததாக இருக்கட்டும். முட்டி வலி மட்டும் பொய் இல்லை. மூன்றாவதாக நான் சொன்னது தவறு.

உன்,
அய்யா